தலையில் ஏறிய மைனஸ் ஒன்று

கேள்வி: சைனின் தலையில் 2 போட்டால் சைனின் வர்க்கம். அப்படியென்றால் -1 போட்டால் ஒன்றின் கீழ் சைன்தானே? ஏன் பிழை போடுகிறார்கள்?
– உயர்தர மாணவி, எல்ல

பதில்: எல்லயில் இருந்துகொண்டு கணிதத்தின் எல்லையையே சோதிக்கிறீர்களே தங்கச்சி!

உங்கள் ஊர் ரயிலிடமே கேட்போம். மலையகப் பாதையின் கடும் ஏற்றம் 44-க்கு 1. தண்டவாளத்தில் 44 அடி ஓடினால் ஓரடி உயரம். ஆக, ஏற்றக் கோணத்தின் சைன் 1/44. அதைத் தலைகீழாகப் புரட்டினால் 44. அதன் பெயர் கோசீக்கன். 'இந்த சைனுக்குரிய கோணம் எது?' என்று திரும்பிப் போய்க் கேட்டால் சுமார் 1.3 பாகை, அதுதான் நேர்மாறு. தலையில் -1 சுமப்பது இதுவே. தெமோதரையில் ரயில் சுற்றி வந்து தன் பாதைக்கே அடியில் நுழைகிறது. அதற்காகத் தலைகீழாகவா ஓடுகிறது?

இந்தக் குறியீட்டை 1813இல் கொண்டுவந்தவர் ஜான் ஹெர்ஷல். அவர் கணக்கில் தலையில் 2 போட்டால் சைனுக்குள் சைன். அதனால் -1 என்றால் திரும்பிப் போவது. நியாயமானவர்! உலகம் அவருடைய -1ஐ எடுத்துக்கொண்டு 2ஐ மட்டும் வர்க்கத்துக்குக் கொடுத்துவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்.

போதாக்குறைக்கு, சைனின் தலைகீழுக்குக் 'கோ' உண்டு. கோசைனின் தலைகீழான சீக்கனுக்கு இல்லை.

குழப்பம் உங்களுடையதல்ல, குறியீட்டினுடையது. பரீட்சையில் 'ஆர்க்சைன்' என்று எழுதுங்கள். மைனஸ் ஒன்றின் வம்பே இல்லை.