மாணவர் ஈடுபாட்டுக் குழுவினருக்கு ஒரு பகிரங்க விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய இணையவழிக் கல்வி இயக்ககத்தின் மாணவர் ஈடுபாட்டு மேம்பாட்டுக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும், தங்கள் பல்கலைக்கழகத்தின் இணையவழி இளங்கலை வகுப்பில் செய்யுளும் யாப்பும் போதித்துவரும் தமிழாசிரியன் அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் சென்ற மாதம் விடுத்த சுற்றறிக்கை கிடைக்கப்பெற்றேன். என் வகுப்பின் ஈடுபாட்டுக் குறியீடு 100-க்கு 41 என்று நிர்ணயிக்கப்பட்டிருப்பதையும், தங்கள் கண்காணிப்புப் பலகையில் என் பெயருக்கு நேரே செம்புள்ளி இடப்பட்டிருப்பதையும், வணிகவியல் ஆசிரியர் சம்பாதித்திருக்கும் பச்சைப் புள்ளியை நானும் சம்பாதிக்க இப்பருவம் முடியும்வரை அவகாசம் அளிக்கப்பட்டிருப்பதையும் அதிலிருந்து அறிந்தேன். விளக்கம் எழுதுவதற்கென்று தாங்கள் அனுப்பிய படிவம் 500 எழுத்துகளுக்கு மேல் ஒன்றையும் ஏற்க மறுக்கிறபடியாலும், அந்த யந்திரம் மெய்யெழுத்தின் தலைமேலுள்ள புள்ளியைக்கூடத் தனி எழுத்தாகக் கணக்கிடுகிறபடியாலும் (தொல்காப்பியர் இதற்குச் சம்மதித்திருப்பாரா என்பது வேறு விஷயம்), வணக்கம் கூறி முடிப்பதற்குள்ளேயே எனக்கு அனுமதிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. ஆகவேதான் இந்தப் பகிரங்கக் கடிதம்.

முதற்கண் தங்கள் குழுவின் கண்டுபிடிப்பைப் பாராட்டாமல் மேலே செல்வது நன்றிகெட்ட செயலாகும். ஒரு மாணவனின் மனம் பாடத்தில் பற்றியிருக்கிறதா என்பதை அறிய, முற்காலத்து உபாத்தியாயர்கள் அவன் முகத்தைப் பார்த்தும், கேள்வி கேட்டும், அவன் எழுதியதைத் திருத்தியும், வராத நாளில் அவன் வீட்டாரை விசாரித்தும் வீணே காலங்கழித்தார்கள். தாங்களோ, அவன் திரையை எத்தனை தடவை தொட்டான், காணொளியை எத்தனை நிமிஷம் ஓடவிட்டான், எத்தனை முறை உள்ளே நுழைந்தான் என்னும் மூன்று கணக்குகளைக் கூட்டிச் சராசரி கண்டு அதன்மேல் ஒரு வர்ணத்தையும் பூசிவிட்டால், அவனுடைய அந்தரங்கம் முழுவதும் பிரத்தியட்சமாகிவிடும் என்று நிரூபித்துவிட்டீர்கள். கோயில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, உள்ளே எவ்வளவு பக்தி இருக்கிறது என்று அளந்து சொல்லும் சாமர்த்தியம் இதுவரை எந்தத் தர்மகர்த்தாவுக்கும் வாய்த்ததில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு என் வகுப்பிலேயே இரண்டு திருஷ்டாந்தங்கள் உண்டு. பகலெல்லாம் துணிக்கடையில் நின்று வேலை பார்க்கும் ஒரு பெண், வாரத்தின் பாடங்களை ஒரே நாளில் தன் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, போகவர ஆகும் பஸ் பயணத்தில் அவற்றை இரண்டு முறையும் மூன்று முறையும் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவில் சந்தேகங்களை எல்லாம் வரிசையாக எழுதி அனுப்புகிறாள். இறக்கிவைத்துக் கேட்பது தங்கள் தளத்தின் கண்ணுக்குத் தெரியாதாகையால், அவள் பெயருக்கு நேரே "விலகும் அபாயத்தில் உள்ளவர்" என்று சிவப்பெழுத்தில் காண்கிறது. மற்றொரு மாணவன், ஒலியை அடைத்துவிட்டு, பாடத்தைத் திரையின் ஒரு மூலையில் ஓடவிட்டு, எஞ்சிய திரையில் கிரிக்கெட் பார்த்துவருகிறான். அவனுக்குத் தங்கள் யந்திரம் தானாகவே ஒரு பதக்கச் சின்னமும், "தொடர்ந்து இவ்வாறே செய்க" என்ற ஆசீர்வாதமும் அனுப்பியிருக்கிறது. அவனும் குருவாக்கியத்தை மீறாமல் அவ்வாறே செய்துவருகிறான்.

தங்கள் சுற்றறிக்கையில் கட்டாயமாக்கப்பட்ட கருவிகள் அனைத்தையும் பிரயோகித்துப் பார்த்தேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கஹூட் என்னும் வினா விளையாட்டில், சரியான விடையை எவ்வளவு விரைவாக அழுத்துகிறோமோ அவ்வளவு அதிகப் புள்ளி கிடைக்கும் என்பது விதி. செய்யுளை வாய்விட்டுப் படித்து, சீர் பிரித்து, அசையெண்ணி, தளை பார்த்து, அதன் பிறகே அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்று அதுகாறும் போதித்துவந்த நான், அன்றுமுதல் நிதானத்தைத் தண்டித்து விரல்நுனியின் வேகத்துக்குப் பரிசளிப்பவனானேன். வெண்பாவின் ஈற்றுச்சீர் எவ்வாறு முடியும் என்று வினவி, நாள் அல்லது மலர், காசு அல்லது பிறப்பு, மேற்கண்ட நான்கினுள் ஒன்று, இவற்றுள் எதுவுமில்லை என்று நான்கு விடைகளை வைத்தேன். "மேற்கண்ட" என்று தொடங்குவதே பெரும்பாலும் சரியான விடை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுத் தேர்ந்தவர்களாதலின், வினாவைப் படித்து முடிக்குமுன்னரே வகுப்பில் ஏறத்தாழ எல்லாரும் வெற்றி பெற்றார்கள். பலகையில் அன்று என் புள்ளி பச்சையாயிற்று. அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு வெண்பா எழுதி வரச் சொன்னேன். வந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றின் ஈற்றில் கூவிளங்காய் காய்த்துத் தொங்கிற்று. புள்ளி மீண்டும் சிவந்தது.

மென்டிமீட்டர் என்ற கருவியில், பலரும் எழுதும் சொற்களுள் அதிகம் வருவது பெரிதாகவும் குறைவாக வருவது சிறிதாகவும் மேகம்போல் திரளும். குறுந்தொகையில் உங்கள் உள்ளத்தைத் தொட்டது எது என்று கேட்டபோது, "சூப்பர்" என்ற சொல் திரையை அடைத்துக்கொண்டு எழுந்தது. அதன் காலடியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், யாரோ ஒரு மாணவர் "செம்புலம்" என்று எழுதியிருந்தார். அவர் யார் என்று அறிய விரும்பினேன். எழுதியவர் பெயரை அக்கருவி வெளியிடுவதில்லை. மாணவரைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்துக் கலந்துரையாடச் செய்யும் வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: நான் நுழையும்வரை மௌனமாயிருந்த அறை, நான் நுழைந்த பிறகும் மௌனமாகவே இருந்தது.

காணொளிகள் ஆறு நிமிஷத்துக்கு மேற்படலாகாது என்னும் தங்கள் கட்டளைக்கு மூலம் எது என்று தேடிப் படித்தேன். எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் தடவை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையே அதற்கு ஆதாரம் என்று தெரிகிறது. காணொளி எவ்வளவு நீளமாயிருந்தாலும் மாணவர் அதில் நிலைக்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிஷத்தைத் தாண்டுவதில்லை என்று அதில் கண்டிருப்பது உண்மையே. ஆனால், பெரும் பொருட்செலவில் ஸ்டூடியோவில் படம்பிடிப்பதைக் காட்டிலும் ஆசிரியர் தம் மேசையருகே அமர்ந்து சகஜமாகப் பேசுவதே அதிகம் பயன்படக்கூடும் என்றும், அசையாத ஸ்லைடுகளைக் காட்டிலும் கையால் எழுதிக்கொண்டே விளக்குவது மேல் என்றும், எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் ஓடும் காணொளியை மாணவன் உண்மையில் கவனிக்கிறானா என்பதை இந்தக் கணக்குகளால் அறிய இயலாது என்றும் அதே கட்டுரையில் அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆறு நிமிஷத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்டூடியோவையும் கட்டி முடித்துவிட்ட தங்கள் கிரகிப்புத்திறன் வியக்கத்தக்கது. நான்கு முதல் எட்டு அடிகளே கொண்ட குறுந்தொகைப் பாட்டைக்கூட நான் இப்போது துண்டுபோட்டுத்தான் நடத்துகிறேன். தலைவன் பொருள்வயின் பிரிந்து செல்லும்போது முதற் காணொளி முடிகிறது. அவன் திரும்பி வருவது இரண்டாவதில். இடையிலுள்ள மூன்று வினாக்களுக்கும் மாணவர் விடையளித்தாலன்றி அவன் வரமுடியாது. சங்க காலத்துத் தலைவிக்குக்கூடக் கார்காலம் வரையில்தான் காத்திருக்க நேர்ந்தது.

வகுப்பு நேரம் முழுவதும் கேமரா திறந்தே இருக்கவேண்டும் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் தமிழ்நாட்டு அரசு, அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் பயின்றவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவை இலவசமாக அளித்தது. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது என் மாணவர் தம் முகத்தை எனக்குக் காட்டுவதற்காகும் செலவைத் தாமே செய்கிறார்கள். ஒரே அறையில் நாலு பேர் வசிக்கும் வீட்டில், பின்னால் பாட்டி படுத்திருக்க, பக்கத்தில் குக்கர் கூவ, ஒரு பெண் தன் வீட்டின் அந்தரங்கம் அனைத்தையும் முப்பது சகபாடிகளுக்குத் திறந்து வைத்தால்தான் அவளுடைய வருகை செல்லும் என்பது எந்தக் கல்விச் சாஸ்திரத்தில் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

கருவிகளின்மேல் எனக்கு ஏதோ துவேஷம் இருப்பதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. யாப்பு வகுப்பென்றால் எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்லவேண்டும். இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு கணம் பிந்தி வருவதாலும், பல குரல்கள் ஒருங்கே எழும்போது மென்பொருள் ஒன்றை உயர்த்தி மற்றவற்றை அமுக்கிவிடுவதாலும், சேர்ந்து சொல்வது அங்கே கைகூடுவதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தபடியே பாடலைச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரற்பதிவாக அனுப்புவதென்றும், எங்கே சீர் பிசகிற்று என்று நானும் குரலாலேயே பதில் சொல்வதென்றும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இதில் பாடிக்கூட அனுப்புகிறார்கள். எழுதிய பாட்டில் தளை தட்டுகிறதா என்று பார்க்க, அவலோகிதம் என்னும் மென்பொருள் இணையத்தில் உண்டு. பாட்டை இட்டால் அசை, சீர், தளை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும் அந்தக் கருவி, பொறுமையில் என்னைவிடச் சிறந்த உபாத்தியாயர். கூவிளங்காய் காய்த்த வெண்பாக்களை மாணவர் அதில் இட்டு, திருத்தி, மறுபடி இட்டு, ஈற்றில் ஒருவாறு மலரையும் பிறப்பையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பும் அவலோகிதமும் தங்கள் அங்கீகாரப் பட்டியலில் இல்லாதவையாதலால், இதற்காகச் செலவான மாலைகள் அனைத்தும் பலகையில் "செயல்பாடு இல்லை" என்றே பதிவாகியிருக்கின்றன.

இதைக் கண்டு சோர்ந்தபோதுதான் எனக்கு 1975-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவிடமிருந்து ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக்கோளை இரவல் வாங்கி, நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ஆறு மாநிலங்களிலுள்ள சுமார் 2,400 கிராமங்களுக்கு ஓராண்டுக் காலம் தொலைக்காட்சி வழியே பாடமும் பயிர்த்தொழிலும் சுகாதாரமும் போதித்தார்கள். பெட்டி எத்தனை மணி நேரம் ஓடிற்று என்று எண்ணிவிட்டு அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை. மானிடவியல் ஆய்வாளர்களை அனுப்பி, அக்கிராமங்கள் சிலவற்றிலேயே தங்கவைத்து, பெட்டியின் முன் யார் உட்காருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள், பார்த்ததைப் பற்றி மறுநாள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். கிராமத்துக்குப் போய்த் தங்கவேண்டியிருந்த காலத்தில் அதைச் செய்தார்கள். மாணவர் அனைவரின் தொலைபேசி எண்களையும் தங்கள் கணிப்பொறியிலேயே வைத்திருக்கும் தங்கள் குழு, இந்தப் பருவத்தில் ஒரு மாணவரிடமேனும் ஒருமுறை பேசியதாக என் வகுப்பில் எவரும் சொல்லக் கேட்கவில்லை.

ஈடுபாட்டை வளர்ப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குத் தாங்கள் ஐந்து நாள் நடத்திய இணையவழிப் பயிற்சி முகாமையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். முதல் நாள் பிரசங்கி பேசத் தொடங்கிய பத்தாவது நிமிஷத்தில் ஆசிரியப் பெருமக்களின் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஐந்தாம் நாள் மாலையில் கருத்துப் படிவத்தின் சுட்டி வந்தபோது எல்லாரும் ஒருங்கே உயிர்பெற்று அதை நிரப்பிச் சான்றிதழ் பெற்றார்கள். பயிற்சியின் ஈடுபாட்டுக் குறியீடு 96 என்று தாங்களே அறிவித்தீர்கள். மாணவரிடம் நாம் எதிர்பார்ப்பது எது என்பதை ஆசிரியர்களுக்கு இதைவிடத் தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

என் செம்புள்ளியை நீக்கும்படி நான் கேட்கவில்லை. நான் வேண்டுவது ஒன்றே. இப்பருவத் தேர்வுக்கு முன்னால், குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தங்கள் பலகையிலிருந்து சிவப்பு மாணவர் ஐவரையும் பச்சை மாணவர் ஐவரையும் தேர்ந்தெடுத்து, தொலைபேசியில் அழைத்து, இந்தப் பாடத்தில் நீ கற்றது என்ன, எங்கே புரியாமல் நின்றாய் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் அந்த வர்ணங்கள் அப்படியே இருக்கலாம் என்று தங்களுக்குத் தோன்றினால், எனக்கு ஆட்சேபமில்லை. அழைக்கும்போது இரவு ஒன்பது மணிக்கு மேல் அழையுங்கள். துணிக்கடைகள் அதற்குப் பிறகுதான் மூடுகின்றன.

இங்ஙனம்,
தங்கள் பலகையின் செம்புள்ளித் தமிழாசிரியன்