பாகமறியான் பத்திய நிர்ணயம்

நூல் இயற்றப் புகுவோர் பாயிரம் உரைத்தே புக வேண்டும் என்பதும், அப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் விளங்க வேண்டும் என்பதும் நன்னூலார் வகுத்த விதியாதலால், சமையல் தெரியாத ஒருவன் இனி நல்ல ஆகாரமே உண்பது என்று திடீரெனச் சங்கற்பம் செய்துகொள்ளும்போது எழும் சங்கடங்களை விசாரிக்க வந்த இச்சிறு நூலும் அவ்விதிக்குக் கட்டுப்பட்டதே. ஆயினும் எட்டையும் விரிப்பதற்குள் அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடுமாதலால், கேட்போரையும் எல்லையையும் மட்டும் சொல்லி அப்பால் செல்வோம்.

கேட்போர் யாரெனில், பெரும்பாலும் நாற்பதை எட்டிய ஆடவர், உத்தியோக நிமித்தம் குடும்பத்தை ஊரில் விட்டுச் சென்னையில் ஒற்றை அறையும் ஓர் அடுப்பு மேடையும் கொண்ட போர்ஷனில் வசிப்பவர், பால் காய்ச்சவும் டீ போடவும் அறிந்தவர், ரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் அச்சாகி வந்த எண்களைப் பார்த்த டாக்டர், அடுத்த நோயாளிக்கு மணியடித்துக்கொண்டே, “வெளிச் சாப்பாட்டை நிறுத்திடுங்க சார், எண்ணெய், உப்பு, ஸ்வீட் எல்லாம் குறைச்சுக்குங்க” என்று அருளிய உபதேசத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர். பெண்களிலும் சமையல் அறியாதார் இந்நாளில் உளர். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க உறவில் பத்துப் பேர் கேளாமலே முன்வந்துவிடுவதால் நமது உதவி அவர்களுக்கு வேண்டியதில்லை. எல்லையாவது, அடுப்பை மூட்டுவது என்ற தீர்மானம் முதல் உண்ட பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பது ஈறாக உள்ளது. அதைத் தேய்ப்பது வேறொரு சாஸ்திரம்.

இவ்விஷயத்தில் பூர்வபட்சம் கூறுவோர், முதலில் சமையலைக் கற்க வேண்டும் என்றும், கை பழகிய பின்னரே பத்தியத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்றும் வாதிப்பர். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கொள்கை அடியோடு பிழையானது. உடம்புக்கு ஆகாதவற்றைச் சமைக்கத்தான் வித்தை வேண்டும். ஆகுபவற்றைச் சமைப்பதற்குத் தண்ணீர் கொதிப்பதைக் கண்டால் அது கொதிக்கிறது என்று அறியும் சக்தி போதும். ஆதலால் சமையல் அறியாமையே பத்தியத்துக்கு முதல் மூலதனம் என்பது நமது சித்தாந்தம். பிரத்தியட்சம், ஆகமம், அனுமானம் என்னும் மூன்று பிரமாணங்களும் இதற்கு அனுகூலமாகவே உள்ளன.

பிரத்தியட்சத்துக்கு மைசூர்பாகைப் பாருங்கள். சர்க்கரை கம்பிப் பதம் வரும் தருணத்தை அறிந்து, கடலைமாவைக் கட்டி தட்டாமல் தூவி, ஒரு கை கிளறிக்கொண்டே இருக்க மறு கையால் காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டு, அது பொங்கிக் கூடு கட்டும் வேளை பார்த்துத் தாம்பாளத்தில் கொட்ட வேண்டும். சற்று முந்தினால் அல்வா, சற்றுப் பிந்தினால் கருங்கல். அதிரசத்துக்கு வெல்லப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் விரலுக்குப் பல தீபாவளிகளின் அநுபவம் தேவை. உளுந்து மாவில் ஒரு கை தண்ணீர் கூடிப்போனால் வடைக்குத் துளை நிற்பதில்லை. போதாக்குறைக்கு அது எண்ணெயையும் குடிக்கிறது. முறுக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவற்றுக்கு எதிரே, முட்டை 10 நிமிஷம் கொதித்தால் வெந்துவிடுகிறது. பாசிப்பயறும் அரைக்கீரையும் சமைப்பவன் யார் என்று விசாரியாமலே வெந்துவிடுகின்றன. நெய்யும் சர்க்கரையும் ஏற ஏற நுட்பமும் உடன் ஏறிக்கொண்டே போகும்படி யாரோ இரக்கமுள்ளவர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்.

ஆகமப் பிரமாணம் இன்னும் பலமானது. சமையலில் சிறந்தவை என்று நளபாகம், பீமபாகம் இரண்டையும் சொல்வது நம் வழக்கம். தமயந்தியின் சுயம்வரத்துக்கு வந்து ஏமாந்த தேவர் நால்வரும் சினம் கொள்ளாமல் நளனுக்கு வரங்கள் தந்தார்கள் என்றும், அவற்றுள் அன்னத்தின் சுவையைத் தந்தவன் யமன் என்றும் மகாபாரதத்து வனபர்வம் கூறுகிறது. அடுப்புக்குரிய அக்கினியும் உலைநீருக்குரிய வருணனும் அந்த இடத்திலேயே நின்றிருக்க, ருசியான சமையலை மட்டும் யமன் தன் இலாகாவில் வைத்துக்கொண்டதன் தாத்பரியத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விராடனுடைய மடைப்பள்ளியில் மறைந்து வாழ்ந்த பீமனுக்கோ, ஓநாயின் வயிற்றை உடையவன் என்று பொருள்படும் விருகோதரன் என்ற பெயர் முன்பே அமைந்திருந்தது. தருமபுத்திரர் சமைத்ததாகப் பிரஸ்தாபம் இல்லை. அவர் வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அனுமானத்துக்குக் குன்னூர் செல்ல வேண்டும். 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி என்னும் வியாதியைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அவ்வோரறைதான் பின்னர் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியையே பிரதானமாக உண்போரைப் பீடிக்கும் அந்த வியாதி, புழுங்கலரிசி உண்போரிடம் அரிதாக இருப்பதன் காரணம், நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தையமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே. அந்தச் சத்து நீரில் கரைவது. பலமுறை களைந்தால் கழுநீரோடும், வடித்தால் கஞ்சியோடும் போய்விடும் இயல்பினது. இனி அனுமானிப்போம். கொதிக்கும் பானையைத் துணியால் பிடித்துச் சாய்த்து, வடிதட்டு நழுவாமல் கஞ்சியை மட்டும் இறக்குவது கைதேர்ந்தவர் காரியம். நம் பாகமறியான் அந்த விபரீதத்தின் அருகிலும் செல்லமாட்டான். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்துக் குக்கரை மூடிவிட்டு எட்ட நின்றுகொள்வான். சோறு சற்றுக் குழைந்திருக்கும். வைட்டமின் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அவனது பயமே அவனுக்குப் போஷாக்காக முடிகிறது. சர்க்கரை வியாதிக்காரர் சோற்றையே குறைத்துக்கொள்ள வேண்டுமே என்றால், குழைந்த சோற்றை இரண்டாம் முறை போட்டுக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை என்பதையும் கவனிக்க.

இதுகாறும் கூறியதை ஒப்புக்கொள்வோரும் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும், அது அற்பமானதன்று. சமைக்கத் தெரியாதவன் பயற்றை வேகவைப்பான் என்பது என்ன நிச்சயம்? தெருமுனைக்குப் போய் இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக்கொள்ளமாட்டானா? போகவும் சோம்பல் என்றால், கைபேசியில் விரலை வைத்த மாத்திரத்தில் அதுவே மாடிப்படி ஏறி வந்து மணியடிக்காதா? அடிக்கும். பத்தியங்கள் முறிவதெல்லாம் இரவு ஒன்பது மணிக்கே என்பதும், பசித்தவனிடம் எந்தப் பிரமாணமும் செல்லாது என்பதும் அநுபவசித்தம். இந்த ஆட்சேபத்தைக் கருதியே பின்வரும் சூத்திரத்தை இயற்றினோம்:

பரோட்டா வருமுன் வேகாதது பத்தியம் ஆகாது.

இதன் உரை: பரோட்டா என்றது பிரியாணி, நூடுல்ஸ் முதலிய இனம் அனைத்துக்கும் உபலட்சணம். வருமுன் என்றது ஏறக்குறைய அரைமணி நேரத்தை. வேகாதது என்றதில் ஊறும் காலம் அடங்காது என்க. ஊறுதல் காலையில் நாம் வெளியே போன பின் தானே நிகழ்வதாகலின். ஆகவே 8 மணி நேரம் ஊறவேண்டிய கொண்டைக்கடலை இச்சூத்திரத்துக்கு உடன்பட்டதே. காலையில் நினைவின்றிப் போனவனுக்கு அன்றிரவு பத்தியம் கிடையாது என்பதும் பெறப்பட்டது.

இச்சூத்திரத்தை அறியாததால் விளையும் கேடுகளில் தலையாயது சிறுதானியக் கேடு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு வரகும் சாமையும் தினையும் குதிரைவாலியும் அழகிய பைகளில் ஏறிவிட்டன. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும் பாகமறியான் முதலில் செய்யும் காரியம், அவற்றில் வகைக்கு ஒரு கிலோ வாங்கி அலமாரியில் அடுக்குவதுதான்; வண்டுகள் அவற்றைக் கண்டுபிடிக்கும் வரை அவை அங்கேயே இருக்கும். தானியத்தில் குற்றமில்லை, கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசி அதன் அருகில் வராது. ஆனால் களி கிண்டுவது தலைமுறை தலைமுறையாகத் துடுப்புப் பிடித்த தோள்களின் வித்தை. நம்மவன் கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டுகிறான். சூடு பட்டவுடன் வெளிப்புறத்து மாவு வெந்து பசையாகி உறைபோல் மூடிக்கொள்ள, உள்ளே தண்ணீர் புகாமல் உலர்ந்த மாவு அப்படியே தங்கிவிடுகிறது. கரண்டியால் நசுக்கினால் கட்டி இரண்டாகிறது. மேலும் நசுக்கினால் நான்காகிறது. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு பின் அடுப்பேற்றிக் கிளறினால் கூழாவது கிடைக்கும். ஆகவே நமது பாடத்திட்டத்தில் கூழ் முதல் வருஷத்துக்கும் களி மூன்றாம் வருஷத்துக்கும் உரியவை.

இனி மூலபாடத்திலுள்ள சில சிக்கல்கள். 1951-இல் முதற்பாகம் வெளிவந்து, புதுக்குடித்தனம் போகும் பெண்களின் பெட்டியில் இடம்பிடித்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதலாகச் சமையல் நூல்கள் தமிழில் பல்கியிருந்தும், “உப்பு தேவையான அளவு” என்ற தொடருக்கு இன்றுவரை ஒருவரும் உரை கண்டாரில்லை. யாருக்குத் தேவை, எதற்குத் தேவை என்று மாணவன் திகைத்து நிற்கிறான். நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையே அந்தத் தொடருக்கு உரையாகக் கொண்டுவிடலாம். ஊறுகாயும் அப்பளமும் அந்த டீஸ்பூனுக்குள் அடக்கம் என்பதைக் கேட்டவுடன் பலர் இந்த உரையை ஏற்க மறுப்பர்.

விசில் மற்றொரு சிக்கல். துவரம்பருப்புக்கு மூன்று விசில் என்பர் ஒரு சாரார். ஐந்து என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே குடும்பத்தில் பிறந்தவராகவும் இருப்பர். தீயின் வேகமும் தண்ணீரின் அளவும் குக்கரின் பருமனும் மாற விசிலின் இடைவெளியும் மாறுமாதலால், அதைக் கால அளவாகக் கொள்வது சாஸ்திர சம்மதமன்று. 1679-இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் இக்கருவியின் மூதாதையை லண்டனில் ராயல் சொசைட்டியாருக்குக் காட்டியபோது அதில் எலும்பும் மெத்தென்று வெந்தது. உள்ளே அடைபட்ட ஆவியின் அழுத்தத்தால் தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 120 பாகை அளவில் கொதிப்பதே அதன் ரகசியம். எனவே முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிஷத்தை எண்ணுக. ஊறிய கொண்டைக்கடலைக்கு 20 நிமிஷம் போதும். அப்போதும் வேகவில்லை என்றால் குற்றம் உங்களுடையதன்று. போர் தண்ணீரின் கடினத்தன்மை தோலை இறுக்கிவிடுகிறது, கேன் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். ஆப்பசோடாவை மட்டும் நாடவேண்டாம். மேலே புகழ்ந்துரைத்த பி1 வைட்டமினை அது அழித்துவிடும்.

கீரைக்கு ஆசிரியர் எதிர்வீட்டு மாமியே. “தம்பி, தட்டு போட்டு மூடிடாதீங்க, கீரை கறுத்துப்போயிடும்” என்று அவர் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவதில் முழு ரசாயனமும் அடங்கியிருக்கிறது: கீரையிலிருந்து எழும் அமிலம் ஆவியோடு வெளியேறாமல் திரும்பச் சொட்டினால், பச்சையத்திலுள்ள மக்னீசியம் நீங்கி நிறம் பழுப்பாகும். ஆனால் இந்த மாமியிடம்தான் ஆபத்தும் இருக்கிறது. கீரைக்குத் தாளிக்கக் கற்றுத்தந்தவர், கடுகு பொரிவதைக் கண்டு மாணவன் அஞ்சாததைக் கவனித்து, அடுத்த மாதம் வாழைக்காயை வறுக்கவும், அதற்கடுத்து வெங்காயப் பக்கோடா போடவும் சொல்லித்தருவார். பாகம் ஏற ஏற இடுப்பும் ஏறி, தடித்த எழுத்து எண்கள் மீண்டும் அச்சாகி வரும். அறியாமை ஒருமுறை போனால் திரும்பக் கிடைப்பதில்லை. ஆதலால் வாசகர்கள் சுண்டல், கீரை, முட்டை, பருப்புச் சோறு, கூழ் ஆகிய ஐந்தோடு கல்வியை நிறுத்திக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்; மாமி கடலைமாவும் கையுமாக வந்தால், ஆபீஸில் அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.