அடியா, பிடியா?

கமுந்திங்கில் பிள்ளையைத் தற்காப்புக் கலைக்கு அனுப்பும் அப்பா முதலில் கேட்பது, "மாஸ்டர், பெல்ட் எப்போ கிடைக்கும்?" என்றுதான். அந்த விஷயத்தில் டேக்வாண்டோவை அடிக்க ஆளில்லை. மஞ்சள், பச்சை என்று நிறம் ஏற ஏற வாட்சப்பில் படமும் ஏறும். கட்டிப் புரளும் ஜூஜிட்சுவில் சேர்ந்தால் பெல்ட் மெல்லத்தான் ஏறும்; அதுவரை அம்மா சொந்தக்காரர்களிடம் எதைக் காட்டுவது?

அடிதான் உசத்தி என்று ஒட்டுக்கடையில் வாதாடும் அண்ணன்மார் தோக்கியோவை மறந்துவிட்டார்கள். 1975-இல் கோலாலம்பூரில் ஜோ பக்னரைக் குத்தி வென்ற முகமது அலி, மறு வருஷம் தோக்கியோவில் மல்யுத்த வீரர் இனோக்கியோடு மோதினார். இனோக்கி பெரும்பாலும் மல்லாக்கப் படுத்துக்கொண்டே அலியின் காலை உதைத்தார். 15 ரவுண்டு, முடிவு டிரா. கால் வீங்கியதுதான் அலிக்கு மிச்சம்.

1993-இல் ஜூஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி எதிரிகளை மடக்கி யுஎஃப்சி கலப்புச் சண்டைப் பட்டம் வென்றதிலிருந்து பிடிக்குத்தான் மவுசு. வலித்தால் தரையைத் தட்டு, விட்டுவிடுவார்கள் என்பது அதன் சட்டம். கமுந்திங்காரருக்கு இது சிரிப்பாக இருக்கும். 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவரை விசாரணை இல்லாமல் பிடித்து இங்குள்ள தடுப்பு முகாமில்தான் போட்டார்கள். நாடே தட்டியது, கடைசி ஆளை விட 2009 ஆனது.