வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதியைப் பாடத்திட்டத்தில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தலைமை இயக்குநர், தேசியத் தேர்வு முகமை, புதுதில்லி.

பொருள்: நீட் தேர்வு – நடைமுறையில் உள்ள, பாடத்திட்டத்தில் இல்லாத வாசிப்புப் பகுதி – முறைப்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

நீட் தேர்வு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களில் நடத்தப்படுகிறது. 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்குத் தனிப் பகுதி கிடையாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் தேர்வில் அது வெளிப்படையாகவே உண்டு: 53 வினாக்கள், 90 நிமிடங்கள். இந்தியாவில் அதே பகுதி தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும், கூடுதல் கட்டணமோ முன்னறிவிப்போ இன்றி வழங்கப்பட்டிருக்கிறது.

அதன் முழு வடிவம் 2018 மே 6 அன்று வெளிப்பட்டது. அன்று தேர்வை நடத்தியது சிபிஎஸ்இ. முகமை 2019இல்தான் பொறுப்பேற்றது. சொத்தை வாங்கியவர் கடனையும் ஏற்க வேண்டும் என்ற முறையில் இவ்விண்ணப்பம் முகமைக்கு வருகிறது.

மாதிரிக்கு அன்றைய தாளிலிருந்து ஒரு வினா. விரிபரிணாமத்துக்கான எடுத்துக்காட்டுகளில் தவறானது எது? மனிதன், வவ்வால், சீட்டா ஆகியவற்றின் முன்னங்கால் முதல் தெரிவு. அவற்றின் இதயம் இரண்டாவது, மூளை மூன்றாவது. ஆக்டோபஸ், வவ்வால், மனிதன் ஆகியவற்றின் கண் நான்காவது. தமிழ்த் தாளில் வவ்வால் ‘வவ்நகல்’ ஆனது. சீட்டா ‘சீத்தா’ ஆனது. தாமிரபரணிக் கரையில் சீத்தா என்றால் பழம். பழத்துக்கு முன்னங்கால் கிடையாது, இதயம் கிடையாது, மூளையும் கிடையாது. ஆகவே முதல் மூன்றும் ஒரே அளவுக்கு அபத்தம், மூன்றும் ஒருசேர விடையாக இருக்க முடியாது, மிஞ்சுவது கண். அதுவே சரியான விடை. பரிணாமம் ஒரு வரிகூடப் படிக்காதவரும் பிழையைப் பிடித்துக்கொண்டே நான்கு மதிப்பெண் எடுத்துவிடலாம் என்பது இப்பகுதியின் தனிச்சிறப்பு.

‘சிறுத்தை’ என்று அச்சிட்டிருக்க வேண்டும் எனத் திருத்தம் சொன்னவர்களும் முழு மதிப்பெண் பெற மாட்டார்கள். சிறுத்தை பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைக் காட்டில் இன்றும் திரிகிறது. 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டு, 2022இல் நமீபியாவிலிருந்து குனோவுக்குக் கொண்டுவரப்பட்ட விலங்கு வேறு. அது சிவிங்கிப்புலி.

இன்னோரிடத்தில் ரகம் ‘நகம்’ ஆனது. அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அம்பை 16 அங்கே பிறந்தது. இந்த வட்டாரத்து மாணவருக்கு ரகம் என்றால் என்னவென்று வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆயினும் தேர்வறையில் நகத்தைக் கண்டதும் அது யாருடைய நகம் என்று யோசிப்பதில் அரை நிமிடம் போய்விடும். ஒரு வினாவுக்கு உள்ளதே ஒரு நிமிடம்.

இப்பகுதிக்கான விடைகாணும் விதி தகவல் கையேட்டிலேயே உள்ளது: மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதன்படி, தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்த மாணவர் முதலில் தமிழில் வாசிக்க வேண்டும். பிறகு அதைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தைப் பார்த்து, தமிழ் என்ன சொல்ல நினைத்தது என்று தீர்மானிக்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் தொல்லியலார் பல பருவங்கள் எடுத்துச் செய்யும் வேலை இது. ஆங்கிலத்தில் அந்த அளவு தேர்ச்சி உள்ளவர் தமிழ்த் தாளை ஏன் கேட்கப்போகிறார் என்ற கேள்விக்குக் கையேட்டில் விடை இல்லை.

2018 தாளின் பிழைகள் நீதிமன்றத்தில் எண்ணிக்கையாக மாறின. பிழையானவை என்று சொல்லப்பட்ட வினாக்கள் 49. அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், தமிழில் எழுதியவர்களுக்கு வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 ஜூலை 10 அன்று ஆணையிட்டது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் ஆணையை ரத்து செய்தது. சரியாக எழுதியவருக்கும் தொடாமல் விட்டவருக்கும் ஒரே 196 என்பது முரட்டுக் கணக்குதான். ஆனால் அதற்குப் பதிலாக வேறு கணக்கு எதுவும் போடப்படவில்லை. 49 வினாக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

தயாரிப்பு முறைக்கு வந்தால், பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எனினும் வவ்நகலை வவ்வாலாக்கும் பயிற்சிக்கு எங்கும் பாடநூல் இல்லை. மருத்துவ இடங்களில் மாநில அரசு தந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை நம்பிப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரித் தாள்களும் இல்லை. இருக்கிற மாதிரி 2018ஆம் ஆண்டுத் தாள் ஒன்றே. அதைத்தான் ஆசிரியர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

எனவே, வாசிப்புப் பகுதியைப் பாடத்திட்டத்தில் சேர்த்து, மதிப்பெண் ஒதுக்கி, அச்சுப்பிழைகளின் மாதிரிப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட வேண்டுகிறது இவ்விண்ணப்பம். அது இயலாதெனில், தமிழ்த் தாள் அச்சுக்குப் போகுமுன் தமிழ்வழியில் மேல்நிலை வகுப்பு எடுத்த விலங்கியல் ஆசிரியர் ஒருவரிடம் ரகசியக் காப்பு உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ஒருமுறை வாசிக்கக் கொடுக்கலாம். ஓய்வுபெற்றவர்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள்; பயணப்படியும் ஒரு டீயும் போதும். அதையும் மீறித் தமிழில் பிழை நேர்ந்தால், அந்த வினாவை எல்லா மொழிக்காரர்களுக்கும் சேர்த்து நீக்கிவிட்டு, ஆங்கிலமே இறுதி என்ற வரியைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.