கோழிக்கூட்டின் உரித்து: தெள்ளுத் தரப்பு நியாயங்கள் பற்றிய ஓர் ஆய்வு

அரையடி வேலி எல்லைக்காகத் தலைமுறைக் கணக்கில் அப்புக்காத்து வைத்து வழக்காடும் யாழ்ப்பாணத்தில், கோழிக்கூடு யாருடைய ஆதனம் என்று இன்றுவரை ஒருவரும் கேட்காதது ஆய்வுலகின் பெருங்குறை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையும் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நுணுக்கமாக வகுத்துவிட்டு, கூட்டு விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

முதலில் வழக்காளி. கூட்டில் குடியிருக்கும் இந்தச் சிற்றுயிரை ஊரில் தெள்ளு என்கிறோம். கறாரான பண்டிதர்கள் ஒப்பமாட்டார்கள்: அசல் தெள்ளுக்கு ஆறு கால், துள்ளும், இதற்கு எட்டுக் கால், ஊரும். சிலந்திக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வரும். பசியில் சாம்பல் நிறம், இரத்தம் குடித்தால் சிவப்பு. சுவீடன்காரர் டி கீர் 1778இல் இதற்கு அறிவியற் பெயர் இட்டபோது, யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தனர்.

இனி ஆட்சி. பகல் முழுக்கப் பலகை வெடிப்பிலும் கம்பு பொருந்தும் இடுக்கிலும் குடியிருப்பது தெள்ளு. இரவில் மட்டும் கோழியிடம் போய் வாடகையை இரத்தமாக வசூலித்துத் திரும்புகிறது. ஆகவே நிரந்தரவாசி தெள்ளு. கோழி வெறும் இராத்தங்கல். கூடு வெறுமையாகக் கிடந்தாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும், கனடாவிலிருக்கும் தமையனின் காணிக்குக் காவல் இருப்பவரைப் போல. வெக்கைக் காலத்தில் முட்டை முதிர்ந்து ஆளாக ஒரு கிழமை போதும் என்பதால் வாரிசுக்கும் குறைவில்லை. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை என்பது இலங்கைச் சட்டம். எங்கள் கூட்டுக்கு வயது பதினான்கு.

எதிர்த்தரப்பின் சாட்சியம் சுருக்கமானது. எங்கள் பேடு ஒரு மைமல் பொழுதில் கூட்டு வாசல்வரை வந்தது, தலையைச் சரித்து உள்ளே பார்த்தது, திரும்பி மாமரத்தில் ஏறிவிட்டது. கொண்டை வெளிறி, முட்டையும் குறைந்திருந்தது. நான் நூல் படித்தவன். கோழியைப் பிடித்துச் சாம்பல் பூசினேன். "கூட்டுக்கை இருக்கிற தெள்ளுக்குக் கோழியைப் பிடிச்சு என்னடா செய்யிறாய்?" என்றார் அப்பாச்சி. இத்துறையில் நான் கண்ட சிறந்த ஆய்வு முடிவு அந்த ஒரு வாக்கியம்தான்.

கூட்டைக் கழற்றினோம். கொதிநீர் ஊற்றி, வெடிப்புகளில் மண்ணெண்ணெய் தடவி, அது காய்ந்தபின் சுண்ணாம்பு பூசி, அடைக் கடகத்தில் வேப்பிலையும் நொச்சியும் பரப்பினோம். 1990க்குப் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் இது நடந்திராது. அன்று ஜாம் போத்தல் விளக்குக்கே மண்ணெண்ணெயைத் துளிக் கணக்கில் விட்டார்கள், கூட்டு வெடிப்புக்கு யார் கொடுப்பார்? அவ்வருடங்களைத் தெள்ளின் பொற்காலமாகக் கொள்ளலாம். ஆதாரம், அப்பாச்சி கையைச் சொறிந்துகொண்டே சொன்னது.

எட்டாம் நாள் முட்டை எடுக்கப் போன என் முழங்கைவரை ஊர்ந்தன. தப்பிய முட்டைகள் பொரித்து, வாரிசுகள் உரித்துக்கு வந்துவிட்டன.

தீர்ப்பு: கூடு தெள்ளுக்கே. மேன்முறையீடு கிழமைக்கு ஒருதரம், கொதிநீர் வாளியோடு. பேடு இன்னும் மாமரத்தில்தான் படுக்கிறது.