யாருக்கும் நோகாமல் நொய்யலைச் சோதிப்பது எப்படி?

ஆற்றுநீரை ஊர் மக்களே சோதிப்பதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்லது. முதலில் ஃபிளெக்ஸ் அடியுங்கள். தலைவர், கௌரவத் தலைவர், ஆலோசகர்கள் படமெல்லாம் போக மிச்ச இடத்தில் நொய்யலின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எதற்காகச் சோதிக்கிறோம், குளிக்கவா, பாசனத்துக்கா, வழக்குப் போடவா என்று யாராவது கேட்டால் உடனே டீ சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் எதை, எங்கே, எத்தனை முறை அளப்பது என்பதெல்லாம் தெளிவாகிவிடும். அப்புறம் கூட்டம் போட விஷயம் இருக்காது.

இடம் முக்கியம். வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குப் போய், சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கு மேலே மொண்டுகொள்ளுங்கள். தண்ணீர் தெளிவு, படமும் நன்றாக விழும். கோவையில் சங்கனூர்ப் பள்ளம், திருப்பூரில் ஜம்மனை ஓடை, நல்லாறு என்று கழிவோடு வந்து சேரும் இடங்களின் பக்கம் தலைவைக்கவே வேண்டாம். சேரும் இடத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் என்று எடுத்துவிட்டால், நடுவில் நடந்தது சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடும்.

நேரம் மத்தியானம் இரண்டு மணி. வெயிலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும், கரைந்த ஆக்சிஜன் அளவு அமோகமாக வரும். விடியுமுன் போனால் அதே ஆறு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எந்த ஆலோசகர் வருவார்? ராத்திரியிலும் மழையிலும்தான் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று கரையோரத்தில் பேசிக்கொள்வார்கள். நம் குழு ஞாயிற்றுக்கிழமைக் குழு.

குடித்துப்போட்ட குளிர்பானப் பாட்டிலே போதும். அதே ஆற்றுநீரால் மூன்று தடவை அலசு, குமிழியில்லாமல் நிரப்பு, கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டிலில் எடுத்து ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர் என்றெல்லாம் கெடுபிடி செய்தால் இளைஞர்கள் ஓடிவிடுவார்கள். வண்டிப் பையில் கிடக்கட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம்.

டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். அது மின்கடத்துதிறனை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பின் அளவாகக் காட்டுகிற கருவி. தரக்கரைசலில் வைத்துச் சரிபார்க்காதவரை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்ல அதற்கும் சுதந்திரம் உண்டு. எண் வந்தபிறகு வரம்பைத் தேர்ந்தெடுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை; ஆலைக் கழிவுநீருக்கு 2,100. ஆற்றில் 1,900 வந்தால் மூன்றாவதை எடுத்து, ‘வரம்புக்குள்’ என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

நிறம் தெளிந்தால் ஆறு தெளிந்தது என்று எழுதுவது இன்னும் சுலபம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பை எடுப்பதுதான் செலவு. உப்புக்கு நிறமில்லை என்பது நம் அறிக்கைக்குப் பெரிய வசதி. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது இந்த உப்புத் தண்ணீர்தான். கீழே கிணறுகள் உவர்த்தன, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எண்களை ஒழுங்காக எழுதி வைத்தால் இந்த மாதிரி விபரீதங்கள் நேரும் என்பதைக் குழுவுக்கு அடிக்கடி நினைவூட்டுங்கள். உங்கள் குழுவில் பாதிப் பேர் பனியன் தொழிலில்தான் இருப்பார்கள், என் சொந்தக்காரர்களும் அப்படித்தான். சங்கடம் நிஜமானது, கிண்டலுக்கில்லை.

ஆனாலும் ஒரு ஆபத்து பாக்கி. எல்லாக் குழுவிலும் ஒரு அக்கா இருப்பார். தேதி, மணி, மழை பெய்ததா, தண்ணீர் எந்த நிறம், என்ன நாற்றம் என்று வாராவாரம் ஒரே இடத்தில் நின்று நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டே இருப்பார். தப்பாக எழுதினால்கூட அழிக்கமாட்டார், ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். அவரிடம் சண்டை போடாதீர்கள். மரியாதையாகக் கூப்பிட்டுப் பொருளாளர் ஆக்கிவிடுங்கள். ஃபிளெக்ஸ் செலவுக்குக் கணக்கு எழுதவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.