கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

எங்கள் ராயபுரத்துத் தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், பிரசவ வலி எடுத்தாலும், "கஞ்சித் தொட்டிக்கு இட்டுனு போங்கடா" என்பதுதான் ஆயாவின் உத்தரவு. ஸ்டான்லி மருத்துவமனை என்பது வாசல் பலகையில் இருந்த பெயர்.

கஞ்சித் தொட்டி என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1780இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. விளைந்த நிலங்கள் பாழாயின. ஊரை விட்டு ஓடி வந்த ஜனங்கள் சென்னையில் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்காக, கறுப்பர் நகரத்து மதிலுக்கு வடக்கே 1782இல் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். அதுவே மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. பசியோடு வந்தவர்களில் பலர் நோயோடும் வந்தார்கள். கும்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் 1799இல் சத்திரத்திலேயே மருத்துவமனை தொடங்கினார். பிறகு 1877இல் ராயபுரம் மருத்துவப் பள்ளி வந்தது. 1938இல் அது கல்லூரியானது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நிலைத்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது, எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக ஆலைச் சங்கு ஊதும். திருவொற்றியூரில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்த மாமாவுக்கு ஒருநாள் வலது கை நசுங்கியது. ரத்தம் சொட்டும் துணியைச் சுற்றிக் கஞ்சித் தொட்டிக்குத்தான் கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு அங்கே இருந்தது. இரண்டு விரல் போயிற்று, கை பிழைத்தது. அதே கையால் மாமா இன்னும் பல வருஷம் சம்பாதித்துப் பெண்களைக் கட்டிக்கொடுத்தார்.

இன்று அங்கே மாடி மேல் மாடியாகக் கட்டடங்கள். கல்லீரல் மாற்று அறுவைகூட நடக்கிறது. விடியுமுன்னே புறநோயாளிச் சீட்டுக்கு வரிசை நிற்கிறது. அதில் நிற்பவர்கள் காசிமேட்டு மீனவப் பெண்கள், துறைமுகக் கூலிகள், மணலி ஒப்பந்தத் தொழிலாளர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்த பையன்கள். அன்று பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களைப் போலவே இவர்களுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

பஞ்ச காலத்தில் கஞ்சி, நோய்க் காலத்தில் மருந்து, ஆலைக் காலத்தில் அறுந்த கைக்குத் தையல். சுற்றியிருந்த ஏழைக்கு எது இல்லையோ அதைக் கொடுப்பதுதான் இந்த இடத்தின் வேலையாக இருந்து வந்திருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டும் நாளிலேயே இந்தக் கதையைச் சொல்லுங்கள். எலும்பின் பெயர்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.